ஏலம் இல்லாத ஓவியக் கூடம்

போன பொங்கலுக்குக் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்குப் போனபோது, துணிப்பையில் ஒரு சின்னப் பெட்டியையும் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ‘மாஸ்டர்ஸ் கேலரி’ என்ற சீட்டு ஆட்டம். வெர்மீர், தெகா, மொனே, ரென்வார், வான் கோ ஆகிய ஐந்து பேரின் ஓவியங்களை அச்சிட்ட சீட்டுகள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஐந்து ஆட்டம் ஆகியிருந்தது.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் மாமா எழுந்துவிட்டார். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறவர். “இதுல என்ன மாப்ளே இருக்குது? சீட்டு நல்லா வந்தவன் ஜெயிக்கறான். அவ்வளவுதான்” என்றார். அம்மிச்சியோ (அம்மாவின் அம்மா) எழுந்திருக்கவே இல்லை. “இன்னொரு ஆட்டம் போடு கண்ணு” என்று சீட்டுகளைத் தானே சேர்த்து அடுக்கிக் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆறேழு பேர் கூடி மேசை ஆட்டங்கள் ஆடுவோம். அங்கேயும் இந்தப் பெட்டியைத் திறந்தால் இதே இரண்டு அணிதான். ‘லேசாக, அழகாக இருக்கிறது, எல்லோரையும் உட்கார வைத்து ஆடலாம்’ என்பது ஒரு அணி. ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்பது மற்ற அணி. உலகம் முழுக்க இதை ஆடியவர்களின் பேச்சும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிகிறது. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பிளவுக்குத் திட்டமான ஒரு காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். 2009இல் வந்த இந்த ஆட்டத்துக்கு 1992இல் பிறந்த ஒரு அண்ணன் உண்டு. அண்ணனிடமிருந்து தம்பி எதை வாங்கிக்கொண்டது, எதைக் கைவிட்டது என்று பார்த்தால் இரண்டு அணிக்கும் ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது விளங்கும்.

அண்ணனின் பெயர் ‘மாடர்ன் ஆர்ட்’. இரண்டையும் உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ரைனர் க்னீட்ஸியா. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வெளியிட்டவர். ‘மாடர்ன் ஆர்ட்’ 1993இல் ஜெர்மனியின் பெரிய ஆட்ட விருதுகளில் ஒன்றான டாய்ச்சர் ஷ்பீலே ப்ரைஸைப் பெற்றது. அதில் மொத்தம் 70 சீட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு ஓவியம். ஓவியர்கள் ஐந்து பேரும் கற்பனைப் பெயர்கள். ஒருவருக்கு 12 சீட்டு, அடுத்தவருக்கு 13, அப்படியே 16 வரை. மூன்று பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். ஆளுக்கு ஒரு லட்சம் பணத்தோடு தொடங்குவார்கள்.

நம் முறை வரும்போது கையிலிருக்கும் ஓவியம் ஒன்றை ஏலத்துக்கு வைக்க வேண்டும். விற்ற பணம் ஏலம் விட்டவருக்குப் போகும். ஒரே ஓவியரின் ஐந்தாவது சீட்டு மேசைக்கு வந்ததும் சுற்று முடிந்துவிடும். அந்த ஐந்தாவது விற்கப்படுவதில்லை. யாருடைய ஓவியங்கள் அதிகமாக மேசைக்கு வந்தனவோ அந்த ஓவியரின் படம் ஒவ்வொன்றும் 30,000 பெறும், அடுத்தவருடையது 20,000, மூன்றாமவருடையது 10,000. மற்ற இருவரின் படத்தை வாங்கியவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. இப்படி நான்கு சுற்று. முந்தைய சுற்றுகளில் கிடைத்த மதிப்பும் கூடிக்கொண்டே வரும், ஆனால் அந்தச் சுற்றிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான்.

ஏலத்திலும் ஐந்து வகை உண்டு. எல்லோரும் வாய்விட்டுக் கேட்பது ஒன்று, ஆளுக்கு ஒருமுறை மட்டும் கேட்பது ஒன்று, விற்பவரே விலை சொல்லி வேண்டுமா என்று கேட்பது ஒன்று, ஒரே ஓவியரின் இரண்டு படங்களைச் சேர்த்து விற்பது ஒன்று. ஐந்தாவது, பணத்தைக் கைக்குள் மூடிவைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுவது. கொங்கு நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு இந்த ஐந்தாவதை விளக்கவே வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்தி, தேங்காய்ப் பருப்பு எல்லாம் மறைமுக ஏலத்தில்தான் போகின்றன. வியாபாரிகள் சரக்கைப் பார்த்துவிட்டு விலையை எழுதிப் போடுவார்கள்; அடுத்தவர் என்ன எழுதினார் என்று தெரியாது; அதிகம் எழுதியவருக்குச் சரக்கு.  ஈரோட்டு மஞ்சள் சந்தையில் நிற்கிற வியாபாரிக்குக் கிழங்கு, விரலியின் தரம் தெரிந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு இன்றைக்குச் சரக்கு எவ்வளவு அவசரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

‘மாடர்ன் ஆர்ட்’டின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. ஒரு படம் சுற்று முடிவில் 40,000 பெறும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் அதை 36,000க்கு உங்களிடம் வாங்கினால் எனக்கு 4,000 லாபம் என்றுதான் தோன்றும். ஆனால் உங்கள் கைக்கு 36,000 வந்துவிட்டது. அதையே 20,000க்கு வாங்கினால் உங்களுக்கு 20, எனக்கு 20, மற்றவர்கள் வெறுங்கை. பாதி விலைக்கு மேலே போகப் போக வாங்குகிறவர் விற்கிறவரைத்தான் வளர்க்கிறார். நம்முடைய படத்தை நாமே வாங்கினால் பணம் ஆட்டத்தின் பொது வங்கிக்குப் போய்விடும். ஆகவே மதிப்பில் பாதிக்கு மேல் யாராவது கேட்டால் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். சொல்லிக் கேட்டால் எளிய கணக்கு. நாலு பேர் போட்டி போட்டுக் கேட்கும்போது இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

ஏலச்சீட்டு கட்டிய குடும்பங்களில் இது சட்டென்று பிடிபடும். சீட்டை எடுக்க அவசரப்படுகிறவர் அதிகமாகத் தள்ளுவார். அவர் தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பங்காகப் பிரியும். அவசரக்காரர் கொடுக்கிற விலையில்தான் பொறுமையாக உட்கார்ந்திருப்பவருக்கு லாபம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த ஆட்டத்தை முதல்முறையே ஜெயித்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கும் ஒருவருடைய மனைவி. அதற்கு முன் அவர் எந்த மேசை ஆட்டமும் ஆடியதில்லை. பதினைந்து வருஷமாகத் தெருவில் சீட்டு நடத்துகிறவர்.

சரி, இப்போது தம்பிக்கு வருவோம். ‘மாஸ்டர்ஸ் கேலரி’யில் ஏலம் கிடையாது. பணம் கிடையாது. நம் முறை வந்தால் கையிலிருந்து ஒரு சீட்டை நமக்கு முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஓவியரின் ஆறாவது சீட்டு மேசையில் விழுந்தால் சுற்று முடியும். முதலிடம் வந்த ஓவியருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. நமக்கு முன்னால் இருக்கும் சீட்டுகளை எண்ணிப் புள்ளி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இதிலும் மதிப்பு சேர்ந்துகொண்டே வரும். முதல் சுற்றில் ரென்வார் முதலிடம், இரண்டாவதில் இரண்டாமிடம் என்றால் அப்போது ரென்வார் சீட்டு ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. மூன்றாவது சுற்றில் ரென்வாரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் அந்தச் சுற்றில் பூஜ்யம். நான்காவதில் மூன்றாமிடம் பிடித்தாலே 6. சில சீட்டுகளில் குறிகள் உண்டு. இன்னொரு சீட்டையும் சேர்த்து வைக்கலாம், ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம், கட்டிலிருந்து கூடுதலாக ஒன்று எடுக்கலாம் என்பது போல.

ஏலத்தை எடுத்ததில் நேரம் மிச்சமாயிற்று என்று மட்டும் நினைத்தால் பெரிய மாற்றத்தைத் தவறவிடுவோம். அண்ணனில் ஒரு படத்தை மேசைக்குக் கொண்டுவருகிறவர் ஒருவர், அதைச் சொந்தமாக்கிக்கொள்கிறவர் இன்னொருவர். ஒரு ஓவியருக்கு மவுசு ஏற வேண்டும் என்று நான் மட்டும் ஆசைப்பட்டுப் பயனில்லை. என் கையிலிருக்கும் அவர் படத்தை நான் விற்றால் லாபத்தில் பங்கு வேறொருவருக்குப் போகும். அதனால் எல்லோரும் எல்லோருடனும் ஏதோ ஒரு விதத்தில் கூட்டாளிகள். தம்பியில் வைக்கிற சீட்டு வைத்தவருக்கே சொந்தம். ஓவியரின் மதிப்பை ஏற்றுவதும் அந்த மதிப்பை அனுபவிப்பதும் ஒரே கைவேலை. கையில் நான்கு மொனே வந்தவர் யார் தயவும் இல்லாமல் மொனேவை மேலே கொண்டுபோய், தானே அறுவடையும் செய்துகொள்ளலாம். மாமா சொன்ன ‘சீட்டு நல்லா வந்தவன் ஜெயிக்கறான்’ என்பதில் இருக்கும் உண்மை இதுதான். மோசமான கை வந்தால் அண்ணனில் பேசிச் சமாளிக்க முடியும்: குறைந்த விலைக்கு வாங்கலாம், மற்றவரின் போட்டியைத் தூண்டிவிட்டு நல்ல விலைக்கு விற்கலாம். தம்பியில் அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது.

ஆகவே அண்ணனை முதலில் ஆடியவர்கள் தம்பியைப் பார்த்து ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று சொல்வது நியாயம்தான். அவர்கள் தேடுவது பேரத்தை. பேரம் இங்கே இல்லை. மாமாவுக்கு அண்ணன் யாரென்று தெரியாது. ஆனால் வாரம் முழுக்க அவர் செய்கிற வேலையே அண்ணன் மாதிரியானது என்பதால் அவருக்கும் அந்தக் குறை உடனே தட்டுப்பட்டது.

ஆனால் ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்ற தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது நாற்பது ஆட்டம் ஆடிய பிறகு சொல்கிறேன், கவனமாக ஆடுகிறவர்தான் பெரும்பாலும் முன்னே வருகிறார். கை மோசமாக இருந்தாலும் ஒரு வழி உண்டு: அடுத்தவர் யாரைத் தூக்குகிறார் என்று பார்த்து அந்த ஓவியரின் சீட்டு ஒன்றிரண்டை நாமும் முன்னால் வைத்துவிடுவது. அவர் பாடுபட்டு ஏற்றுகிற மதிப்பு நமக்கும் வரும். இதைவிட முக்கியம், சுற்று எப்போது முடிகிறது என்பது. ஒரு ஓவியரின் ஐந்து சீட்டு மேசையில் கிடக்கும்போது, ஆறாவதைக் கையில் வைத்திருப்பவர்தான் மணியடிக்கிறவர். எதிரில் இருப்பவரின் வான் கோ இன்னும் ஒரு சீட்டு கிடைத்தால் மூன்றாமிடத்துக்கு வந்துவிடும் என்னும் நேரத்தில் சுற்றை முடித்துவிட்டால் அவர் வைத்த சீட்டு அத்தனையும் வீண். பிறகு, கையில் மிச்சமிருப்பது அடுத்த சுற்றுக்குப் போகும் என்பதை மறக்கக் கூடாது. முதல் சுற்றில் ஒரு ரென்வாருக்கு 3 கிடைப்பதைவிட, கடைசிச் சுற்றில் அதே ரென்வாருக்கு 7, 8 கிடைப்பது பெரிது. எதை இப்போது செலவழிப்பது, எதை விதைநெல்லாக வைத்துக்கொள்வது என்பதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி இருக்கிறது. முதல் இரண்டு ஆட்டத்தில் அது தெரியாது. மாமா எழுந்துபோனது இரண்டாவது ஆட்டத்தின் முடிவில்.

ஆட்களின் எண்ணிக்கையும் கருத்தை மாற்றும். இது இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடுவது. ஐந்து பேர் உட்கார்ந்தால் நம் முறை வருவதற்குள் நான்கு சீட்டு விழுந்துவிடும். போட்ட திட்டம் நிற்காது. இரண்டு பேர் என்றால் எதிராளி வைக்கிற ஒவ்வொரு சீட்டும் ஒரு செய்தி. மூன்று பேருக்குத்தான் இது மிகவும் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். ஐந்து பேர் கூடும்போது ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு ‘வெறும் குருட்டாம்போக்கு’ என்று ஒதுக்கியவர்களை அடுத்த வாரம் மூன்று பேராக உட்கார வைத்தால் பேச்சு மாறிவிடுகிறது.

இன்னொரு குறை ஓவியர்களைப் பற்றியது. இது எனக்கு நெருக்கமான விஷயம். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இருக்கும் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில்தான் என் சின்ன வயதில் முதன்முதலாகச் சட்டம் போட்ட ஓவியத்தைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் நான் பார்த்த படமெல்லாம் கூடத்துச் சுவரில் தொங்கிய சிவகாசிக் காலண்டர்தான். கஸ்தூரி சீனிவாசன் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் முதல் இயக்குநர். பஞ்சாலைகளின் ஊரில் ஓவியத்துக்கும் ஒரு கூரை கிடைத்தது அவரைப் போன்றவர்களால். எங்கள் கூட்டத்தில் ஓவியம் வரைகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். முதல் ஆட்டத்திலேயே முகம் சுருங்கிவிட்டது. “வெர்மீருக்குப் பூஜ்யமாங்க? மனசு ஒப்ப மாட்டேங்குது” என்றார்.

அவர் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘மாடர்ன் ஆர்ட்’டின் ஓவியர்கள் கற்பனை மனிதர்கள். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை, கூட்டம் எங்கே போகிறதோ விலையும் அங்கே போகும் என்று அந்த ஆட்டம் முகத்துக்கு நேரே சொல்கிறது. 2017இல் வந்த ஒரு பதிப்பில் நிஜமான, இன்று வாழ்கிற ஓவியர்களின் படங்களைப் போட்டார்கள். அதுவும் பொருந்தியது, ஏனென்றால் வாழ்கிற ஓவியரின் விலை ஏறி இறங்குவது நடப்புதான். வெர்மீர், வான் கோ என்றவுடன் கதை மாறுகிறது. மேதைகள் என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களை இந்த வாரம் வரிசையில் மூன்றாவது, அடுத்த வாரம் பூஜ்யம் என்று எழுதுவது உறுத்துகிறது.

நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். வெர்மீர் 1675இல் இறந்தபோது குடும்பம் கடனில் இருந்தது. அவர் வரைந்ததில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 35 ஓவியங்கள்தான். இறந்த பிறகு சுமார் இருநூறு ஆண்டுகள் அவர் பெயர் பெரும்பாலும் மறைந்தே கிடந்தது. படங்கள் சில வேறு ஓவியர்களின் பெயரில் கைமாறின. 1866இல் தொரே என்ற பிரெஞ்சு விமர்சகர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. மொனே, ரென்வார், தெகா மூவரும் 1874இல் பாரிஸில் சேர்ந்து காட்சி வைத்தபோது கேலிதான் அதிகம் கிடைத்தது. வான் கோ 1890இல் இறந்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1990இல், அவர் வரைந்த டாக்டர் காஷேயின் படம் 8.25 கோடி டாலருக்கு ஏலம் போனது. இந்த ஐந்து பேரின் வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிக் கணக்கு அவ்வளவு அநியாயமாகத் தெரியாது. மூன்றாவது சுற்றில் பூஜ்யமான ஓவியரின் பழைய மதிப்பு அழிந்துபோவதில்லை, உறங்கிக் கிடக்கிறது. நான்காவது சுற்றில் யாரோ ஒருவர் கவனம் வைத்தால் மொத்தமாக எழுந்து வருகிறது. நண்பர் முழுவதுமாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் இப்போது வெர்மீரைக் கடைசிச் சுற்று வரை கையில் வைத்திருக்கிறார்.

படத்தைப் படமாகவே ரசிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டி சரியான இடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படங்கள் உள்ளங்கை அளவு. ஆட்டத்தின் வேகத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்களுக்கு ‘கேன்வாஸ்’ என்று 2021இல் வந்த இன்னொரு ஆட்டம் இருக்கிறது. கண்ணாடி போன்ற சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நாமே ஓர் ஓவியத்தை உண்டாக்குவது. அதுவும் லேசானதுதான், ஆனால் முடிவில் கையில் ஒரு படம் இருக்கும்.

நம் ஊரில் மட்டும் எழுகிற ஒரு தடையும் உண்டு. சீட்டு என்ற சொல்லே பெரியவர்களைத் திடுக்கிட வைக்கிறது. இணையத்தில் பணம் வைத்து ரம்மி ஆடிக் குடும்பங்கள் சிதைந்த பிறகு, 2022இல் தமிழக அரசு அதற்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. ஆகவே அப்புச்சி பாயில் சீட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “காசு வெச்சா ஆடறீங்க?” என்பதுதான். ‘மாடர்ன் ஆர்ட்’டை எடுத்துப் போயிருந்தால் அதிலிருக்கும் விளையாட்டுப் பணத்தைப் பார்த்தே சத்தம் போட்டிருப்பார். தம்பியில் ஏலமும் பணமும் இல்லாதது அன்றைக்கு எங்களுக்கு உதவியது. “காசு இல்லீங்க அப்புச்சி, வெறும் படந்தான்” என்று காட்டினோம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

அம்மிச்சிக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஓவியர்களுக்கு அவரே பெயர் வைத்துக்கொண்டார். நடனப் பெண்களை வரைந்த தெகா என்றால் ‘ஆட்டக்காரப் புள்ளைங்க’. தாயமும் பல்லாங்குழியும் ஆடிப் பழகிய கண் என்பதால் மேசையில் எத்தனை சீட்டு விழுந்தது என்பதை எங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். நான்காவது ஆட்டத்தில் நான் ரென்வாரைத் தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து சீட்டு விழுந்துவிட்டது. இன்னும் ஒரு முறை கிடைத்தால் என் மொனேவும் மேலே வந்துவிடும். அம்மிச்சி கையிலிருந்த சீட்டுகளை ஒருமுறை பார்த்தார், என் முன்னால் கிடந்த மொனேக்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆறாவது ரென்வாரை எடுத்து மெதுவாகப் பாயில் வைத்தார்.

வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.